அமிர்தி ஆற்றங்கரையில் ஒரு நாள்: உழவர் கிணற்றுக்கும் உறவு உண்டு

நிலக்கடலை பிடுங்கி, காய் உலர்த்தி, மூட்டை கட்டி முடித்த பிறகு அடுத்த உழவுக்கு முன் விவசாயக் குடும்பங்களுக்குச் சில நாட்கள் ஓய்வு கிடைக்கும். பொங்கல் முடிந்த காணும் பொங்கலன்றும், பள்ளிக் கோடை விடுமுறையிலும் பிள்ளைகளை எங்காவது அழைத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் எழும். வேலூர், கணியம்பாடி, கண்ணமங்கலம், ஆரணி வட்டாரத்து மக்களுக்கு அப்போது முதலில் நினைவுக்கு வரும் இடங்களில் ஒன்று அமிர்தி.

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி உள்ளது. இங்கு வனத்துறை 1967ஆம் ஆண்டு சிறு வன உயிரினப் பூங்கா ஒன்றை அமைத்தது. அதன் பரப்பு சுமார் 25 ஹெக்டேர். புள்ளிமான், மயில், முதலை, கிளி வகைகள் முதலியவற்றை இங்கு காணலாம். பூங்காவைக் கடந்து காட்டு வழியில் நடந்தால் மழைக்குப் பிந்திய மாதங்களில் நீர் கொட்டும் அருவியும், பாறைகளுக்கிடையே ஓடும் ஆறும் உண்டு. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு காலையில் சென்று மாலையில் திரும்ப ஏற்ற இடம்.

இது பொழுதுபோக்கும் இடம்தானே, இதற்கும் விவசாயத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். நெருங்கிய சம்பந்தம் உண்டு. அமிர்திக் காட்டில் விழும் மழைதான் நாகநதியாகக் கண்ணமங்கலம் பக்கம் இறங்குகிறது. பின்னர் கமண்டல நாகநதியாக ஆரணி வழியே சென்று செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு பாலாற்றில் சேருகிறது. வழியில் உள்ள ஏரிகளும், ஆற்றோரக் கிணறுகளும் இந்த நீரை நம்பியுள்ளன. அருவியில் குளிக்கும்போது தலைமேல் விழும் தண்ணீரும், அடிவாரத்து விவசாயி தன் கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீரும் ஒரே மலையில் பெய்த மழையே. எனவே அமிர்தியில் நடக்கும் நல்லதும் கெட்டதும் கீழே உள்ள நிலங்களில் தெரியாமல் போகாது.

காடு எப்படி நீரைத் தருகிறது?

ஒரு ஏக்கர் நிலத்தில் 5 சென்டி மீட்டர் மழை பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. 10,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரி 20 வந்து கொட்டியதற்கு இது சமம். மரமும் புல்லும் இல்லாத மொட்டைச் சரிவில் இந்த நீரில் பெரும்பகுதி மேல்மண்ணையும் வாரிக்கொண்டு சில மணி நேரத்தில் ஓடிவிடும். ஆறு ஒருநாள் பொங்கி மறுநாள் வறளும். ஏரியில் தண்ணீருக்குப் பதில் வண்டல் சேரும்.

காடு உள்ள சரிவில் நடப்பது வேறு. மழைத்துளியின் வேகத்தை முதலில் இலைகள் தணிக்கின்றன. தரையில் கிடக்கும் சருகு, நீரைப் பஞ்சுபோல் பிடித்துக்கொள்கிறது. வேர்களும், மண்புழு, கறையான் போன்ற உயிர்களும் உண்டாக்கிய துளைகள் வழியே நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. அப்படி இறங்கிய நீர் பாறை இடுக்குகளில் தங்கி, மழை நின்ற பிறகும் ஊற்றாகச் சிறிது சிறிதாகக் கசிகிறது. பருவமழை முடிந்து சில வாரங்களுக்குப் பிறகும் காட்டாற்றில் நீர் ஓடுவதன் காரணம் இதுவே.

அமிர்திக்குச் செல்லும் விவசாயி பிள்ளைகளுக்கு மானைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், ஒரு மரத்தடியில் குனிந்து சருகை விலக்கிக் கீழே உள்ள மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அது கறுத்து, பொலபொலவென்று, ஈரமாக இருக்கும். வீட்டுக்குத் திரும்பியதும் தன் மானாவாரி நிலத்து மண்ணையும் அதேபோல் எடுத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கக உரத்தின் அருமை. கடலைக்கொடி, சோளத்தட்டு, கரும்புச் சோகை ஆகியவற்றில் தீவனத்துக்கு உதவாத பகுதியைக் கொளுத்தாமல் மூடாக்காகப் பரப்பினாலும், மக்க வைத்து இட்டாலும் வயல் மண்ணும் நாளடைவில் நீரைப் பிடித்துவைக்கும்.

வற்றிய நதிக்கு மறுவாழ்வு

நாகநதி பல ஆண்டுகள் வறண்டே கிடந்தது. கிணறுகளின் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது. 2014ஆம் ஆண்டு வாக்கில் வாழும் கலை அமைப்பு இந்த நதிக்கு மறுவாழ்வு தரும் பணியைத் தொடங்கியது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் பல ஆயிரம் கிராமப் பெண்கள் இந்த வேலையைச் செய்தனர். ஓடைகளின் குறுக்கே கற்களை அடுக்கித் தடுப்புகள் அமைத்தனர். அவற்றை ஒட்டி ஆழமாகக் குழி தோண்டிச் சிமென்ட் உறைகளை இறக்கி நீர் செறிவூட்டும் கிணறுகளை உருவாக்கினர். கல் தடுப்பு நீரின் வேகத்தைக் குறைக்கிறது. உறைக்கிணறு அதை நிலத்துக்குள் அனுப்புகிறது. 2021 செப்டம்பர் 26 அன்று பிரதமர் தமது வானொலி உரையில் இப்பணியைக் குறிப்பிட்டு, வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பெண்களைப் பாராட்டினார்.

பெரிய அணை கட்டாமல், சரிவெங்கும் சிறு சிறு தடுப்புகளால் நீரை நிறுத்தி இறக்குவதே இதில் கவனிக்க வேண்டியது. இதைத் தனி விவசாயியும் தம் நிலத்தில் செய்துகொள்ளலாம்.

திறந்தவெளிக் கிணறு உள்ளவர்கள், மழைநீர் ஓடிச் சேரும் பள்ளத்தில், கிணற்றிலிருந்து 10 அடி தள்ளி, 6 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி ஆழத்தில் ஒரு குழி எடுக்க வேண்டும். அடியில் 2 அடிக்குப் பெருங்கற்கள், அதன்மேல் 2 அடிக்கு ஜல்லி, அதன்மேல் ஓரடி கனத்துக்கு ஆற்று மணல் இட வேண்டும். குழியின் அடியிலிருந்து பி.வி.சி. குழாய் ஒன்றைக் கிணற்றுக்குள் 2 அடி நீட்டிவிட்டால் நீர் சுவரை அரிக்காமல் நடுவில் விழும். மேல்மணலில் படியும் வண்டலை ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி மாதத்திலேயே சுரண்டி எடுத்துவிட வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரையும், மருந்து தெளித்த வயலின் நீரையும், எருக்குழிப் பக்கத்து நீரையும் இதில் விடக்கூடாது.

ஆற்றங்கரையில் விட்டுவரும் பொருள்கள்

விடுமுறை நாட்களில் ஆற்றங்கரைகளில் கூட்டம் கூடுகிறது. கூட்டம் கலைந்த பின் தண்ணீர்ப் புட்டிகள், தின்பண்டப் பைகள், தட்டுகள், சிலசமயம் உடைந்த மதுப் புட்டிகள் தங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. இருந்தும் அவை அடியோடு ஒழியவில்லை.

இவை எங்கே போகின்றன? அடுத்த வெள்ளத்தில் கீழே இறங்குகின்றன. கால்வாய் மதகில் அடைத்துக்கொள்கின்றன. வயலில் படிந்த பிளாஸ்டிக் தாள் நீர் இறங்குவதையும், முளை வருவதையும் தடுக்கிறது. உடைந்த கண்ணாடி நாற்று நடும் பெண்களின் காலையும், உழவு மாட்டின் குளம்பையும் பதம் பார்க்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் கறவை மாட்டுக்குத்தான். உணவு வாசனை, உப்புச் சுவை உள்ள பைகளை மாடு அப்படியே விழுங்கிவிடும். பிளாஸ்டிக் செரிப்பதில்லை, சாணத்துடன் வெளியேறுவதும் இல்லை. முதல் வயிற்றில் பந்துபோல் திரண்டு தங்குகிறது. மாடு அசைபோடுவது குறையும். அடிக்கடி வயிறு உப்பும். நன்றாகத் தீவனம் வைத்தாலும் மெலியும். பால் குறையும். நாளொன்றுக்கு 8 லிட்டர் கறந்த பசு 5 லிட்டராக இறங்கினால் மாதத்திற்கு 90 லிட்டர் பால் போகிறது. சிறு விவசாயி வீட்டில் அது பிள்ளையின் பள்ளிச் செலவு. பையுடன் கம்பி, ஆணி போன்றவை உள்ளே சென்றால் அவை வயிற்றைத் துளைத்து இருதயம் வரை செல்லக்கூடும்.

இத்தகைய அறிகுறிகள் தெரிந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அறுவைச் சிகிச்சையால் அவற்றை அகற்ற முடியும். தாது உப்புக் குறைவு உள்ள மாடுகள்தான் துணி, தாள், எலும்பு என்று கண்டதையும் மெல்லும். எனவே கறவை மாட்டுக்கு நாள்தோறும் 50 கிராம் வரை தாது உப்புக் கலவையை மருத்துவர் ஆலோசனைப்படி தீவனத்தில் கலந்து கொடுப்பது நல்லது. ஆற்றங்கரையில் மேய்ப்பவர்கள் விடுமுறைக்கு அடுத்த நாள் மாடுகளை அந்தப் பக்கம் ஓட்டாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

மதுப் புட்டிப் பிரச்னைக்கு ஒரு வழி ஏற்கெனவே பார்க்கப்பட்டுள்ளது. சென்னை உயர்நீதிமன்றத்தின் அறிவுறுத்தலைத் தொடர்ந்து, 2022ஆம் ஆண்டு மே மாதம் நீலகிரி மாவட்டத்து மதுக்கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகையைத் திரும்பக் கொடுக்கும் முறை தொடங்கப்பட்டது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. காசு என்று ஒன்று வைத்துவிட்டால் புட்டி பாறையில் உடையாது.

நம் பக்கத்துக் குறை

பட்டணத்துக்காரர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பூச்சிமருந்து தெளித்த கைத்தெளிப்பானை ஓடையில் கழுவுவதும், காலி மருந்துப் புட்டியை வாய்க்கால் கரையில் வீசுவதும் கிராமங்களில் சாதாரணமாகக் காணப்படுகின்றன. தின்பண்டப் பையைவிட இவை பன்மடங்கு ஆபத்தானவை. அந்த நீரைக் குடிப்பவை அடுத்த விவசாயியின் ஆடுமாடுகள். அதில் சாவன மீன்களும் தவளைகளும். தவளைகள் பூச்சிகளைத் தின்று விவசாயிக்குக் கூலி இல்லாமல் வேலை செய்பவை.

மருந்துப் புட்டி காலியானதும் அதில் சிறிது நீர் ஊற்றிக் குலுக்கி அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை அலசினால் மருந்தும் வீணாகாது. பிறகு புட்டியில் துளையிட்டு, வேறு எதற்கும் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். தெளிப்பானைக் கழுவிய நீரை, மருந்து தெளித்த வயலிலேயே தெளித்துவிடலாம். கிணறு, ஓடை, கால்வாய்க்கு அருகில் கழுவவே கூடாது.

குரங்குக்குக் கடலை, கொல்லைக்கு நஷ்டம்

பூங்காவுக்கு வருபவர்கள் இரக்கப்பட்டுக் குரங்குகளுக்குக் கடலையும் ரொட்டியும் போடுகிறார்கள். காட்டில் நாவல், அத்தி, ஆல் என்று தேடித் தின்ற கூட்டம் பிறகு சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. மனிதனைக் கண்டு அஞ்சும் குணம் போய்விடுகிறது. விடுமுறை முடிந்து கூட்டம் இல்லாதபோது அவை அருகிலுள்ள நிலக்கடலை, வாழை, மாந்தோப்புகளுக்குப் படையெடுக்கின்றன. பயிரைத் தின்பதைவிடப் பிய்த்துப் போடுவது அதிகம். ஒருவர் போட்ட ஒரு பிடிக் கடலைக்கு, மலையோர விவசாயி ஒரு பாத்தியைக் கொடுக்க வேண்டியதாகிறது. குரங்குகள் விதை பரப்பிக் காட்டை வளர்ப்பவை. அவற்றுக்கு நாம் செய்யும் உதவி உணவு போடாமல் இருப்பதே. இதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

காட்டோரம் மாடு மேய்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கால் வாய் நோய் மாட்டிலிருந்து மானுக்கும் தொற்றும். அந்நோயைக் கட்டுப்படுத்த 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இலவசத் தடுப்பூசி போடப்படுகிறது. முகாம் நடக்கும் நாளில் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடாமல் ஊசி போட்டுக்கொள்வது மாட்டுக்கும் நல்லது, மானுக்கும் நல்லது.

ஒரு தீப்பொறி போதும்

மாசி முதல் வைகாசி வரை ஜவ்வாது மலைக் காடு இலையுதிர்ந்து காய்ந்து கிடக்கும். அணையாத ஒரு பீடித் துண்டோ, சமைத்துவிட்டு மண் மூடாமல் வந்த அடுப்போ போதும், சரிவு முழுவதும் பற்றிக்கொள்ளும். சருகும் புல்லும் எரிந்த சரிவில் அடுத்து விழும் கோடை மழை, சாம்பலையும் மண்ணையும் அடித்துக்கொண்டு ஏரிக்கு வருகிறது. ஏரியின் கொள்ளளவு குறைகிறது. ஆயக்கட்டின் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் போகிறது. எனவே காட்டுக்குள் அடுப்பு மூட்டுவதை விட்டு, வீட்டிலேயே புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு செல்வதே முறை. காட்டோர நிலம் உள்ளவர்கள் கோடையில் வரப்புப் புல்லுக்குத் தீ வைப்பதையும் கைவிட வேண்டும்.

வெள்ளத்தில் எச்சரிக்கை

காட்டாறு ஏமாற்றும் இயல்புடையது. அமிர்தியில் வெயில் அடிக்கும்போதே மலையின் மேற்பகுதியில் பலத்த மழை பெய்துகொண்டிருக்கலாம். அந்த நீர் குறுகிய நேரத்தில் கீழே வந்துவிடும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் அதிகமாக மிதந்து வருவது, மேலே இரைச்சல் கேட்பது ஆகியவை வெள்ளம் வருவதன் அறிகுறிகள். இவற்றில் எதைக் கண்டாலும் பொருள்களை எடுக்க நிற்காமல் பிள்ளைகளுடன் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். ஆற்றின் நடுவில் உள்ள மணல் திட்டில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. பாசி படிந்த பாறைகளில் ஏறக்கூடாது. மழைக்காலத்தில் அருவிக்குச் செல்ல வனத்துறை தடை விதித்தால் வாதாடாமல் திரும்பிவிட வேண்டும். பூங்கா திறந்துள்ளதா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு புறப்படுவது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

ஊருக்கு வருமானம்

சுத்தமான ஆற்றங்கரை ஊருக்கு வருமானமும் தரும். ஜவ்வாது மலைவாழ் மக்கள் விளைவிக்கும் சாமையும், சேகரிக்கும் தேனும், புளியும் நல்ல பெயர் பெற்றவை. அடிவாரத்தில் இளநீர், மோர், வேகவைத்த கடலை, பனங்கிழங்கு, நுங்கு, சீத்தாப்பழம் என்று பருவத்துக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. வாழையிலை, மந்தாரை இலைத் தட்டு, பாக்கு மட்டைத் தட்டு ஆகியவை பிளாஸ்டிக்குக்கு மாற்று. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊராட்சியிடமும் வனத்துறையிடமும் முறையாக அனுமதி பெற்று, பூங்காவுக்கு வெளியே இவற்றை விற்கலாம். பையில் அடைத்த பண்டத்துக்குப் போகும் காசு ஊரிலேயே நிற்கும், குப்பையும் குறையும்.

தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் 1997ஆம் ஆண்டு தொடங்கியபோது காட்டோரக் கிராமங்களில் வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. அத்தகைய குழுக்கள் உள்ள ஊர்களில் இளைஞர்கள் மழைக்கு முன் ஒருமுறை, பொங்கலுக்குப் பின் ஒருமுறை என்று ஆண்டுக்கு இருமுறை ஓடையைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யலாம். ஏரிக்கு வரும் குப்பையை மதகில் அள்ளுவதைவிட, மேலேயே தடுப்பது எளிது.

ஓடைக்கரையில் பட்டா நிலம் உள்ளவர்கள் கரையோரம் நீர்மருது, புங்கன், நாவல், மூங்கில் ஆகியவற்றையும், இடையில் வெட்டிவேரையும் நடலாம். இவற்றின் வேர்கள் கரையை இறுகப் பிடித்து அரிப்பைத் தடுக்கும். புங்கன் தழையுரத்துக்கு உதவும். நாவலும் மூங்கிலும் சில ஆண்டுகளில் கைச்செலவுக்கு உதவும். ஐப்பசி மழை தொடங்கும்போது நட்டால் தண்ணீர் ஊற்றும் செலவு குறைவு.

திரும்பும்போது

அமிர்திக்குச் செல்லும் குடும்பம் ஒரு தூக்குச்சட்டி, ஒரு கட்டு வாழையிலை, வீட்டுத் தண்ணீர், ஒரு காலிச் சாக்கு ஆகிய நான்கையும் எடுத்துச்செல்ல வேண்டும். தாங்கள் கொண்டுவந்த பொருள்களில் மக்காதவை அனைத்தையும் சாக்கில் போட்டு ஊருக்கே கொண்டுவந்துவிட வேண்டும். வழியில் பாறையிடுக்கில் யாரோ விட்டுச்சென்ற நான்கு புட்டிகள் கண்ணில் பட்டால், அவற்றையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் தவறில்லை. அந்த ஆறு நாளை தம் ஊர் ஏரிக்கும், கிணற்றுக்கும், தொழுவத்துத் தண்ணீர்த் தொட்டிக்கும்தான் வரப்போகிறது என்பதை விவசாயிகள் நினைவில் கொள்ள வேண்டும்.